கைவிட்ட அதிகாரத்தைக் கொண்டு பிறரைத் தடுக்க முடியுமா?

நான் திரும்பத் திரும்பப் படிக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு எதிராக மொசில்லா நிறுவனம் தொடுத்த வழக்கில், வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று வழங்கியது அது.

இணையச் சேவை நிறுவனங்கள் தளங்களை முடக்கக்கூடாது, வேகத்தைக் குறைக்கக்கூடாது, காசு வாங்கிக்கொண்டு சிலருக்கு முன்னுரிமை தரக்கூடாது என்று ஆணையம் 2015இல் விதித்திருந்தது. தொலைபேசியைப் போலவே பிராட்பேண்டும் ஒரு தொலைத்தொடர்புச் சேவை என்ற வகைப்பாடே அவ்விதிகளுக்கு அடித்தளம். 2017 டிசம்பரில் அதே ஆணையம், பிராட்பேண்ட் வெறும் 'தகவல் சேவை'தான், அதாவது தொலைபேசியைப் போல ஒழுங்குபடுத்தும் அதிகாரம் தனக்கு இல்லாத சேவை என்று வகைப்பாட்டை மாற்றி அவ்விதிகளை நீக்கியது. அத்தோடு நில்லாமல், எந்த மாநிலமும் அவற்றுக்கு ஈடான சட்டத்தைத் தன்னளவில் இயற்றக்கூடாது என்றும் ஆணையிட்டது. நீதிமன்றம் வகைப்பாட்டு மாற்றத்தை ஏற்றது. மாநிலங்களுக்கு விதித்த தடையை நீக்கியது. ஒரு துறையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் தனக்கு இல்லை என்று சொல்லும் ஆணையத்துக்கு, அத்துறையில் மாநிலச் சட்டங்களை விலக்கும் அதிகாரமும் இராது என்பதே அதன் தருக்கம்.

நம் அரசமைப்பில், ஒன்றிய அரசுக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் தொலைத்தொடர்பைப் பார்த்துப் பழகிய இந்திய வாசகருக்கு இது வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டமே உயர்ந்தது என்று அரசமைப்பின் ஆறாவது பிரிவு கூறுகிறது என்றாலும், மாநிலச் சட்டத்தை விலக்குவதற்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ அதன்வழி வந்த அதிகாரமோ வேண்டும். கொள்கை விருப்பம் மட்டும் போதாது.

இத்தீர்ப்பில் ஓரளவு மாறுபட்ட நீதிபதி வில்லியம்ஸின் கவலையை நான் எளிதாக ஒதுக்கிவிடவில்லை: கட்டுப்பாடு வேண்டாம் என்று நாடு முழுமைக்கும் எடுத்த முடிவை ஒவ்வொரு மாநிலமும் கவிழ்க்கலாம் என்றால், அந்த முடிவுக்கு என்ன பொருள்? 1997இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இணையத்தை ரயில் பாதைக்கு ஒப்பிட்டு, அம்மாநிலச் சட்டம் ஒன்றைத் தடுத்ததும் இதைப் போன்ற அச்சத்தால்தான்: மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதிகள் நாடளாவிய ஒன்றை முடக்கிவிடும் என்று. ஆனால் சட்ட அறிஞர்கள் ஜாக் கோல்ட்ஸ்மித்தும் ஆலன் சைக்ஸும் 2001இல் யேல் சட்ட இதழில் எழுதிய கட்டுரை, இந்த அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிட்டது. பிராட்பேண்டைப் பொறுத்தவரை அவர்கள் பக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. இணையதளம் எல்லை கடந்தது. வீட்டுக்கு வரும் கம்பியோ ஒரு தெருவில், ஒரு மாநிலத்தில் இருப்பது.

ஆணையம் நீக்கிய விதிகளுக்கு ஈடான கலிபோர்னியாவின் இணைய சமத்துவச் சட்டத்தில் ஆளுநர் 2018 செப்டம்பர் 30 அன்று கையெழுத்திட்ட அன்றே கூட்டாட்சி அரசு வழக்குத் தொடுத்தது. 2021இல் அது விலகிக்கொண்ட பிறகும் போராடிய தொழில்துறைச் சங்கங்கள், 2022 ஜனவரியில் கலிபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றன. நியூயார்க் இன்னும் துணிந்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதம் 15 டாலருக்கு இணையச் சேவை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் இயற்றியது. அதையும் இரண்டாம் வட்டார நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்றது.

அதே மாதம் ஆணையம் பழைய வகைப்பாட்டுக்குத் திரும்பியது. நிறுவனங்கள் அதை எதிர்த்து, ஆறாம் வட்டார நீதிமன்றத்தில் 2025 ஜனவரி 2 அன்று வென்றன. பிராட்பேண்ட் தகவல் சேவையே என்று உறுதியான அந்த வெற்றி, மாநிலங்களைத் தடுக்க அவர்கள் நாடக்கூடிய கூட்டாட்சி அதிகாரத்தையும் சேர்த்தே அகற்றியது. பதின்மூன்று நாள் கழித்து, ஜனவரி 15 அன்று, நியூயார்க்கின் 15 டாலர் சட்டம் நடைமுறைக்கு வந்தது.