செவ்வந்தியின் நடை

என் பெண்குதிரை செவ்வந்திக்கு மூன்று வயது முடிந்த கையோடு, அவள் இனத்துக் குதிரைகளின் வம்சத்தைப் பதிந்து வைக்கும் இனப் பதிவேட்டின் ஆய்வுக்குப் பெயர் கொடுத்தேன். கையில் இருந்தது பன்னிரண்டு வாரம். அவளுடைய தாய் பதிவேட்டின் முதன்மைப் பிரிவில் இருக்கிறாள். மகளும் அந்தப் பிரிவில் ஏறிவிட்டால், பின்னால் அவள் ஈனும் குட்டிகளுக்கு அது பெரிய பலம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஆய்வு எளிதாகத் தெரியும். யாரும் ஏறிச் சவாரி செய்வதில்லை. கையில் பிடித்து நிறுத்திக் காட்ட வேண்டும், முக்கோணப் பாதையில் நடத்தியும் ட்ராட் என்னும் மெதுவோட்டத்தில் ஓட்டியும் காட்ட வேண்டும், அப்புறம் அவிழ்த்துவிட்டு அவள் போக்கில் ஓடவிட வேண்டும். தோற்றம், கழுத்து, முன்கால், பின்கால், வாக் என்னும் நடை, ட்ராட், அதைவிட வேகமான கேன்டர் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். இதற்கு எதற்குப் பன்னிரண்டு வாரம் என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை.

தாள் வேலையை முதல் வாரத்திலேயே முடித்தேன். கழுத்தின் இடப்பக்கம் இருக்கும் மைக்ரோசிப்பைப் படித்து எண் சரிபார்த்தது, டிஎன்ஏ சோதனைக்குப் பிடரியிலிருந்து வேரோடு முடி பிடுங்கி அனுப்பியது, அவ்வளவுதான். முடியைக் கத்தரித்து அனுப்பினால் பயனில்லை, வேர் இருந்தால்தான் சோதிக்க முடியும்.

அடுத்தது உடம்பு. ஆய்வுக்கு வரும் இளம் குதிரைகளில் பாதி, பார்க்க நிறைவாக இருக்கட்டும் என்று தீனி ஏற்றிக் கொழுக்க வைத்தவையாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மூன்று வயதில் எலும்பு இன்னும் முற்றவில்லை, முதுகெலும்பில் வளர்ச்சி முடிய ஐந்தரை, ஆறு வயதுகூட ஆகும். அந்தக் கால்களில் வேண்டாத எடையை ஏற்றுவது அநியாயம். குதிரையின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று கணிக்க 1983-இல் வந்த ஹென்னெக் அளவுகோல் ஒன்றிலிருந்து ஒன்பது வரை போகும். ஐந்து என்றால் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தால் உடனே தட்டுப்படும். வாரம் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு அவள் விலாவைத் தடவிப் பார்ப்பேன். கண்ணால் பார்த்தால் ஆசை ஏமாற்றிவிடும்.

நிற்கக் கற்றுக்கொடுப்பதில்தான் அதிக நாள் போனது. பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு நான்கு கால்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நடுவர் பக்கத்து முன்கால் சற்று முன்னே, அதே பக்கத்துப் பின்கால் சற்றுப் பின்னே, மறுபக்கத்துக் கால்கள் இரண்டும் அவற்றுக்கு நடுவே. சொல்லும்போது ஒரு வரி. மூன்று வயதுக் குட்டிக்கு அப்படி நிற்பது அரை நொடி வேலை. அடுத்த நொடியே என் சட்டைப்பையை மோப்பம் பிடிக்க வந்துவிடுவாள். நான் செய்த தவறு, கோணலாக வைத்த காலைக் கையால் தூக்கிச் சரியான இடத்தில் வைத்தது. வைத்த காலை உடனே எடுத்துவிடுவாள். எனக்குக் குதிரை பழக்கக் கற்றுக்கொடுத்த அக்கா வந்து பார்த்துவிட்டு, "காலைத் தொடாதே. கயிற்றால் எடையை மாற்று, கால் தானாக வரும்" என்றார். தலையை இரண்டு விரல் அளவு ஒரு பக்கம் நகர்த்தினால் எடை அந்தத் தோளுக்குப் போகிறது, மற்றக் கால் லேசாகி அசைகிறது. அது வேண்டிய இடத்துக்கு வந்ததும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அவள் அசைவதற்கு முன்பே "போதும்" என்று நானே நடத்திக் கூட்டிப்போய்விடுவேன். இரண்டு நொடி, ஐந்து நொடி, பத்து நொடி. எட்டாவது வாரத்தில் ஒரு நிமிடம் நின்றாள்.

இதற்கிடையில், ஐந்தாவது வாரத்தில் கடிவாளம் மாட்டத் தொடங்கியிருந்தேன். மூன்று வயதுக் குதிரையைக் கடிவாளத்தோடுதான் காட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. முதல் நான்கு நாள் அமைதியாக வாங்கிக்கொண்டவள் ஐந்தாம் நாள் தலையை உயரே தூக்கிவிட்டாள். மறுநாள் கடிவாளத்தைப் பார்த்ததுமே பின்வாங்கினாள். பிடிவாதம் என்று நினைத்து நானும் பிடிவாதமாக நின்றேன். மூன்று நாள் கழித்துத்தான் கால்நடை மருத்துவரை அழைக்கத் தோன்றியது. அவர் வாயைத் திறந்து பார்த்ததும் விஷயம் தெரிந்தது. குதிரைக்கு இரண்டரை வயதிலிருந்து பால்பற்கள் விழத் தொடங்கும். கடைவாயின் முன்பக்கப் பற்களில் ஒன்றின் மேல் மூடிபோல் இருந்த பால்பல் பாதி கழன்று, ஈறில் குத்திக்கொண்டு நின்றது. அவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்த மூன்று நாளும் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இளம் குதிரையை ஆய்வுக்குக் கொண்டுபோகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: கடிவாளத்தைக் கையில் எடுக்கும் முன் பல்லைப் பாருங்கள்.

வாய் ஆறும்வரை இரண்டு வாரம் கடிவாளம் கிடையாது. அந்த இரண்டு வாரம் எனக்குள் பதற்றமாக மாறிவிட்டது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று தினமும் நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டேன். கையில் பிடித்து நடத்தும்போது கம்பீரமாகத் தெரியட்டும் என்று தலையைச் சற்றுத் தூக்கியே பிடித்தேன். ஒன்பதாவது வாரம் அக்கா வந்து, "கண்ணை மூடிக்கொண்டு கேள்" என்றார். கெட்டியான தரையில் அவளை வேறொருவர் நடத்தினார். நல்ல நடையில் நான்கு குளம்பும் ஒரே இடைவெளி விட்டு நான்கு தனித் தட்டாகக் கேட்கும். எனக்குக் கேட்டது டக்டக், டக்டக் என்று இரண்டிரண்டாக. ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் ஏறக்குறையச் சேர்ந்தே எழுந்தன. முதுகு இறுகினால், கழுத்துக்கு இடமில்லாமல் போனால் இப்படி ஆகும். ட்ராட்டைப் பயிற்சியால் ஓரளவு மேம்படுத்தலாம். நடை பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது, அதைக் கெடுப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழும் அருமையான நடை அவளுக்கு. நான் அதைத்தான் கெடுத்து வைத்திருந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாளிலிருந்து வட்ட ஓட்டம் அடியோடு நின்றது. சின்ன வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓடுவது இளம் மூட்டுகளுக்கும் நல்லதல்ல. ஒரு வயதான பெண்குதிரையை முன்னால் விட்டு, பின்னால் இவளை நடத்திக்கொண்டு மேடும் பள்ளமுமான பாதையில் தினமும் முக்கால் மணி நேரம் போனோம். கயிறு தொங்கிக்கொண்டிருக்கும். எதையும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் ஆயிற்று, ஈரமண்ணில் பின்தடம் முன்தடத்தைத் தாண்டி விழுவதைத் திரும்பப் பார்க்க.

கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. லாடக்காரர் ஆய்வுக்குப் பத்து நாள் முன்பு வந்து குளம்பைச் சீவிவிட்டுப் போனார். முந்தின நாள் சீவினால் கால் கூசி, எடுத்து வைக்கும் அடியின் நீளம் சுருங்கும். முக்கோணத்தில் நான்தான் அதிகம் பழக வேண்டியிருந்தது. வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், அப்போதுதான் நடுவருக்கும் குதிரைக்கும் நடுவே நான் வர மாட்டேன். திரும்பும்போது குதிரையை என்னிடமிருந்து வெளியே தள்ளித் திருப்ப வேண்டும், என் பக்கம் இழுத்தால் நிலை குலையும். திரும்பிப் பார்க்கவே கூடாது, பார்த்தால் அவள் நின்றுவிடுவாள். குதிரையே இல்லாமல் வெறும் கயிற்றோடு நான் ஓடிப் பழகிய நாட்கள் உண்டு.

ஆய்வு நாளில் அவள் பருவத்துக்கு வந்திருந்தாள். இருபத்தொரு நாள் சுழற்சியை எண்ணிப் பார்த்து எதிர்பார்த்ததுதான், ஆனால் ஒத்திப்போட முடியாது. மற்ற குதிரைகளைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே இருந்தாள். உயரம் அளக்கும்போது மட்டும் இரண்டு முறை கோலைத் தட்டிவிட்டாள். நிறுத்தியதும் நின்றாள். வேறு எதையும் நினைக்காமல் கயிற்றைத் தளர்த்திவிட்டு நடந்தேன். பின்னால் நான்கு தட்டும் தனித்தனியாகக் கேட்டன.

நடைக்கு எட்டு. ட்ராட்டுக்கு ஏழு. பின்காலுக்கு ஆறு, பின்காலின் நடு மூட்டில் மடிப்பு குறைந்து சற்று நேராக இருக்கிறது என்றார்கள். அது எனக்கும் தெரியும், அவள் தாய்க்கும் அப்படித்தான். முதன்மைப் பிரிவுக்கு வேண்டிய சராசரியை மயிரிழையில் தாண்டினாள். தாளை நீட்டும்போது தலைமை நடுவர், "பொலிகுதிரை தேடும்போது பின்காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நடையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது இவளிடமே இருக்கிறது" என்றார்.

இந்த வருடம் இணை சேர்ப்பதாக இல்லை. இன்னும் பின்புறம் உயர்ந்து, தோள் தாழ்ந்துதான் நிற்கிறாள், வளர்ச்சி பாக்கி இருக்கிறது. நான்கு வயது ஆகட்டும். அதற்குள் நான் பார்த்து வைக்க வேண்டிய பின்கால்கள் நிறைய இருக்கின்றன.