சிங்களத்தில் மட்டும் வந்த கடிதமும் ஒரு மொழி உரிமை முறைப்பாடும்

கடைசியில் தமிழில் கடிதம் வந்துவிட்டது. பழைய திகதியை ரத்துச் செய்து, புதிய விசாரணைத் திகதி குறித்து, பிரதேச செயலாளரின் கையெழுத்தோடு வந்திருக்கிறது. நிம்மதிதான். ஆனால் இவ்வளவு தூரம் இழுபட்டிருக்கத் தேவையே இல்லையே என்ற ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இலங்கையின் மலையகத்தில் இதே சிக்கலோடு அலைகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காகவும் அவர்களுக்கு உதவப் போகிறவர்களுக்காகவும், எந்த இடத்தில் இடறும், எந்தக் கடதாசி இல்லாவிட்டால் காரியம் நின்றுபோகும் என்பதை எழுதுகிறேன்.

விடயம் இதுதான். தோட்டத்தில் வசிக்கும் ஓர் அம்மா நலன்புரிக் கொடுப்பனவு தொடர்பாகத் தமிழில் மேன்முறையீடு செய்திருந்தார். பதில் முழுக்க முழுக்கச் சிங்களத்தில் வந்தது. குறித்த திகதிக்குள் ஆவணங்களுடன் வராவிட்டால் மேன்முறையீடு கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று அதில் எழுதியிருந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசையாக வசிக்கும் லயன் வீடுகளுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்து, பிறகுதான் கைக்குக் கிடைத்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து விளங்கிக்கொள்வதற்குள் திகதி கடந்துவிட்டது.

இப்படியான நேரத்தில் எல்லோரும் செய்வது, நேரே பிரதேச செயலகத்தின் கருமபீடத்துக்குப் போய் முறையிடுவது. அங்கே விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த சிற்றூழியர் ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவர் நல்ல மனிதர். “அக்கா, நீங்க கவலப்படாம போங்க, நான் சேர்கிட்ட சொல்லி வைக்கிறேன்” என்பார். அடுத்த முறை போனால் அவர் லீவு. அவர் யாரிடம் என்ன சொன்னார் என்பதற்கு அலுவலகத்தில் ஒரு வரிப் பதிவும் இருக்காது.

பிரச்சினையின் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. முழு அலுவலகத்தின் தமிழ்ச் சேவையும், மொழிபெயர்ப்பு தன் கடமைப் பட்டியலிலேயே இல்லாத ஒருவரின் தலையில் விழுகிறது. அதற்கு அவருக்குக் கொடுப்பனவும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஆனால் அவர் இருக்கும்வரை அலுவலகம் “எங்களிடம் தமிழ் தெரிந்தவர் இருக்கிறார்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும், வெற்றிடமும் நிரப்பப்படாது. அந்த ஊழியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய உதவியை அரச சேவை என்று எண்ணி வீடு திரும்புவதுதான் ஆபத்து.

ஆகவே வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுத்துக்கு வாருங்கள். முதலில் எடுத்து வைக்க வேண்டியது கடிதத்தின் மூலப்பிரதி. அதோடு அது வந்த கடித உறை. பலர் உறையைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கடிதத்தில் இருக்கும் திகதி ஒன்று, தபால் முத்திரையில் இருக்கும் திகதி வேறொன்று. தோட்ட அலுவலகத்தில் கடிதம் தேங்கிய கதையைச் சொல்ல வேண்டி வந்தால் உறை இல்லாமல் எதுவும் நிற்காது. முதலில் தமிழில் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியும் வேண்டும். தமிழில் எழுதியதற்குத் தமிழில் பதில் பெறும் உரிமையை நிறுவுகிற ஆவணம் அதுதான். பிரதி இல்லாவிட்டால், விண்ணப்பம் எந்த மொழியில் இருந்தது என்ற விவாதத்திலேயே காலம் போய்விடும்.

அடுத்து, அதே அலுவலகத் தலைவருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம்: இன்ன இலக்கக் கடிதம் சிங்களத்தில் மட்டும் கிடைத்தது, தமிழ்ப் பிரதி தாருங்கள், அது கிடைக்கும்வரை காலக்கெடுவை நிறுத்தி வையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் திகதி முத்திரை கேளுங்கள். முத்திரை வைக்க மறுத்தார்கள், “பெரியவர் வரட்டும்” என்றார்கள். வாக்குவாதம் செய்து பயனில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்புறத்தில் ஒட்டி வைத்தால், பிறகு அந்தச் சீட்டே முத்திரையின் வேலையைச் செய்யும்.

சட்ட அடிப்படை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் நிர்வாக மொழியை வரையறுத்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் பகுதியிலும் ஒருவர் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறலாம். தமிழ் நிர்வாக மொழியாக இருக்கும் வடக்கு, கிழக்கில் சிங்களம் பேசுபவருக்கும் இதே உரிமை உண்டு. யாழ்ப்பாணத்தில் தமிழில் மட்டும் கடிதம் பெறும் சிங்களக் குடும்பத்துக்கு நேர்வதும் இதே அநீதிதான். முறைப்பாட்டில் இதை ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்பது சலுகை அல்ல, இரு சாராருக்கும் பொதுவான உரிமை என்பது அந்த வரியில் துலங்கும்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. சில பிரதேச செயலகப் பிரிவுகளைச் சனாதிபதி வர்த்தமானி மூலம் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கலாம். நுவரெலியா மாவட்டப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகளும் அப்படி அறிவிக்கப்பட்டவை. அங்கே இரண்டுமே நிர்வாக மொழி. கேட்டால் பதில் தருவது என்ற அளவோடு அலுவலகத்தின் கடமை முடிந்துவிடாது. உங்கள் பிரிவு இதில் அடங்குகிறதா என்று வர்த்தமானியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடங்கும் என்றால் முறைப்பாட்டின் முதல் பந்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

முறைப்பாடு போக வேண்டிய இடம் இராஜகிரியவில் ‘பாஷா மந்திரய’ கட்டடத்தில் இருக்கும் அரச கரும மொழிகள் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். ஆணைக்குழுவின் அதிகாரம் அரச நிறுவனங்களோடு நின்றுவிடும். தோட்டக் கம்பனி கடிதத்தைத் தாமதித்ததையும் செயலகம் சிங்களத்தில் எழுதியதையும் ஒரே முறைப்பாட்டில் கலந்து எழுதினால் இரண்டும் குழம்பும். கம்பனி விவகாரத்தைப் பிரித்து விடுங்கள். அதேபோல ஒரே கடிதத்தில் வைத்தியசாலை, பொலிஸ், பிரதேச சபை என்று எல்லாக் குறைகளையும் கொட்டாதீர்கள். ஒரு நிறுவனம், ஒரு சம்பவம், ஒரு திகதி.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. ஆணைக்குழுவுக்கு எழுதிவிட்டோம் என்று மற்றக் கடிகாரம் நின்றுவிடாது. மொழி உரிமை மீறலுக்காக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் போக ஒரே ஒரு மாதம்தான் அவகாசம். அடிப்படை உரிமை மீறலாக மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மொழியின் பேரில் பாரபட்சம் காட்டக்கூடாது என்ற 12(2)ஆம் உறுப்புரையைச் சுட்டி அங்கேயும் ஒன்று போடுங்கள். பிறகு விசாரணை உண்மையில் நடந்தது என்பதற்குச் சான்று கேட்பார்கள், ஆகவே அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றம் போகும் எண்ணமே இல்லாதவர்களும் இந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பது நல்லது.

இவற்றோடு சேர்த்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்துங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. கேள்வியைச் சரியாகக் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “ஏன் தமிழில் சேவை இல்லை?” என்று கேட்டால் பதிலாக ஒரு மன்னிப்புக் கடிதம் வரும். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, அதில் தமிழ்மொழித் தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை, அவர்கள் எந்தப் பிரிவில் கடமையில் இருக்கிறார்கள், பொதுமக்களுக்கு அனுப்பும் கடித மாதிரிகளில் எவை தமிழில் உள்ளன, அவற்றின் பிரதிகள் தேவை என்று கேளுங்கள்.

எங்கள் விடயத்தில் முடிச்சு அவிழ்ந்தது கடைசிக் கேள்வியில்தான். தமிழ்க் கடித மாதிரி ஒன்றுமே அந்த அலுவலகத்தில் இல்லை. கணினியில் ஒரு சிங்களக் கோப்பு இருக்கிறது. பெயர், இலக்கம், திகதி மூன்றையும் மாற்றி அச்செடுத்து அனுப்புகிறார்கள். முன்பு யாரோ பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஒரு தமிழ்க் கோப்பு இருந்திருக்கிறது. கணினி மாற்றியபோது அந்த எழுத்துரு போய்விட்டது, கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாகத் தெரிந்தது. பழுதான கோப்பு என்று அழித்துவிட்டார்கள். இதைச் சொன்னவரே அந்தச் சிங்கள உத்தியோகத்தர்தான். வேண்டுமென்று யாரும் தமிழை ஒதுக்கவில்லை. ஆனால் அதன் விலையை ஒரு அம்மா தன் கொடுப்பனவால் கட்டியிருப்பார்.

தேர்ச்சி பெற்றவர்களின் கணக்கிலும் கவனம் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 07ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த ஆண்டு யூலை 1இலிருந்து சேவையில் சேர்கிறவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதனால் சான்றிதழ் உள்ளவர்கள் தாளில் இருப்பார்கள். பரீட்சைக்குப் படித்த தமிழை அதன்பின் பேசாததால் பலர் கருமபீடத்தில் தடுமாறுகிறார்கள். நன்றாகப் பேசுகிறவர் உள்ளே கணக்குப் பிரிவில் இருப்பார், அல்லது இடமாற்றத்தில் போயிருப்பார். “தேர்ச்சி பெற்றவர்கள் எந்த மேசையில்” என்று கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

முறைப்பாட்டில் என்ன நிவாரணம் கேட்பது? எழுதிய உத்தியோகத்தரைத் தண்டியுங்கள் என்று கேட்க மனம் துடிக்கும். வேண்டுமென்றே கடமை தவறும் அலுவலரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமும் உண்டு. ஆனால் முதற் கடிதத்திலேயே அதைக் கேட்டால் முழு அலுவலகமும் அவருக்கு அரணாக நின்றுவிடும். அடுத்த நாள் கருமபீடத்துக்கு வரும் இன்னொரு தமிழ்க் குடும்பம் அந்தக் கசப்பைச் சுமக்கும். எங்கள் கோரிக்கைகள் இவ்வளவுதான்: கடந்துபோன காலக்கெடுவை ரத்துச் செய்தல், பொதுமக்களுக்குப் போகும் எல்லாக் கடித மாதிரிகளையும் ஒரே தாளில் இரு மொழியிலும் யூனிகோடில் தயாரித்தல், பொதுமக்கள் தினத்தில் தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவரைக் கருமபீடத்தில் அமர்த்தி, அவர் விடுமுறை என்றால் பதில் கடமை யாருக்கு என்பதையும் பெயர் குறித்து எழுத்தில் தருதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி கேட்டோம். “தமிழ்ச் சேவையை மேம்படுத்துக” என்று மட்டும் எழுதினால், பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு மேம்படுத்திவிட்டோம் என்று பதில் எழுதிவிடுவார்கள்.

பெயர்ப்பலகை என்றால் இன்னொன்று. அச்சுக்குப் போகுமுன் தமிழ் வாசகத்தை யாராவது தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பலகை எழுதுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். தகரத்தில் ஏறிய பிழையை இறக்க இன்னொரு ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆணைக்குழு முறைப்பாட்டை ஏற்றுச் சிபாரிசு வழங்கினால், நிறுவனம் 90 நாட்களுக்குள் அதைச் செயற்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. விளக்கம் கேட்ட கடிதம் செயலகத்துக்குப் போனதுமே தமிழ்ப் பிரதி தயாராகிவிட்டது. இருமொழி மாதிரிக் கடிதத்தை அந்த உத்தியோகத்தரே ஆர்வத்தோடு செய்து முடித்தார், தமிழ்ப் பகுதியை வாசித்துப் பார்க்கச் சொல்லி எங்களிடமே தந்தார். இப்போது அம்மாவோடு அவர் அரைகுறைத் தமிழில் பேசுகிறார், அம்மா அரைகுறைச் சிங்களத்தில் பதில் சொல்கிறார். காரியம் நடக்கிறது.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் சிங்களத்தில் எழுதி, “சைன் பண்ணுங்க” என்று நீட்டுவார்கள். வாசிக்க முடியாததில் கையெழுத்திடாதீர்கள். இட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், “தமிழில் கூறினேன், சிங்களத்தில் எழுதப்பட்டது, எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை” என்று உங்கள் கையால் தமிழில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்திடுங்கள். வாசித்து விளக்கியிருந்தால், விளக்கியவரின் பெயரைக் கேட்டு அதையும் எழுதுங்கள்.

இன்னும் பாக்கி இருக்கிறது. செயலகத்தின் சொந்தக் கடிதங்கள் சரியாகிவிட்டன. ஆனால் அதே கட்டடத்தில் இருந்து வேறு திணைக்களம் ஒன்று வழங்கும் படிவங்கள் இன்னும் சிங்களத்தில் மட்டுமே உள்ளன. அது தனி நிறுவனம் என்பதால் தனி முறைப்பாடு வேண்டும். படிவப் பிரதிகள் கேட்டுத் தகவல் விண்ணப்பம் போயிருக்கிறது, பதிவுத் தபால் சீட்டு கோப்பில் இருக்கிறது.