சித்தியின் மங்கு

“பையில இருக்குற கிரீமை எடுங்கம்மா” என்றார் டாக்டர்.

சித்தி தயங்கித் தயங்கி எடுத்தார். அடியிலிருந்து பற்பசை மாதிரி சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய டியூப். சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கியது. உள்ளே ஸ்டீராய்டு.

இரண்டு கன்னத்திலும் மங்கு, பழுப்புத் திட்டுத் திட்டாக. பாபநாசம் பக்கம் வயல்வெயிலில் காய்ந்த முகம். அவர் மகள் கல்யாணத்துக்குள் லேசர் வைத்து எடுத்துவிடலாம் என்றுதான் கும்பகோணம் கூட்டி வந்தேன்.

டாக்டர் விளக்கு பொருத்திய சின்ன லென்ஸைக் கன்னத்தில் பதித்துப் பார்த்தார். “இப்போ லேசர் வேண்டாம்.”

கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருக்கும் ஓட்டா மச்சத்துக்கு லேசர் நன்றாகவே கேட்கும். 1064 நானோமீட்டர் ஒளி, நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே விழுந்து நிறமித் துகளைச் சிதறடிக்கும். சிதறியதை உடம்பே மெல்ல அப்புறப்படுத்திவிடும்.

மங்கு வேறு ஜாதி. அங்கே நிறமியைச் சுரக்கும் செல்லே தூண்டப்பட்டுக் கிடக்கிறது. நம் மாநிறத் தோலில் சூடு பட்டால் இன்னும் கறுக்கலாம். வெளுத்தாலும் திரும்பி வரும்.

முதலில் அந்த கிரீமை விடணும். அப்புறம் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டுமாம், வெறும் புற ஊதாக் கதிர் மட்டுமில்லை.

“குறுவை நடவுக்கு இதைப் பூசிக்கிட்டா போறது?” சித்திக்குச் சிரிப்பு.

எனக்கு என்னவோ கோபம்தான். கேட்டதும் ஸ்டீராய்டை எடுத்து நீட்டுகிற கடைக்காரர் மேலும், ‘ஒரே சிட்டிங்கில் முகம் பளிச்’ என்று பேனர் கட்டுகிறவர்கள் மேலும். திடீரென்று வளரும் மச்சத்தைக்கூடப் பரிசோதிக்காமல் சுட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புற்றாக இருந்தால்?

கல்யாணத்துக்கு மேக்கப் போதும் என்று சித்தி முடிவு செய்துவிட்டார்.