"சார் ஒரு நிமிஷம்"லதான் ஓனரோட நாள் போகுது

பிசினஸ் பண்றவங்க நேரமே பத்தலன்னு சொன்னா போதும், உடனே யாராவது ஒரு ஆப் பேரை சொல்லுவாங்க, இல்லன்னா விடியக்காலைல எந்திரிங்கன்னுவாங்க. சீக்கிரம் எந்திரிக்கறது நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா நீங்க எத்தன மணிக்கு எந்திரிச்சாலும் ஆபீஸ் திறந்ததுக்கு அப்புறம் நடக்கறது அதேதான். என்னைக் கேட்டா ஓனரோட நேரத்த பெரும்பாலும் தின்றது மத்தவங்க வந்து கேக்குற சின்ன சின்ன கேள்விங்கதான்.

ஒரு பெரிய கொட்டேஷன் போட உக்கார்றீங்கன்னு வைங்க. மெட்டீரியல் ரேட் போட்டாச்சு, லேபர் போட்டாச்சு, டிரான்ஸ்போர்ட்டுக்கு வரும்போது பில்லிங்ல இருக்குறவர் வந்து "சார் ஒரு நிமிஷம், இந்த கஸ்டமர் அஞ்சு பர்சென்ட் கொறைக்க சொல்றாரு, குடுக்கலாமா"ன்னு நிக்கிறாரு. குடுங்கன்னு சொல்ல அரை நிமிஷம் கூட ஆகாது. ஆனா திரும்ப ஷீட்ட பாத்தா டிரான்ஸ்போர்ட் சேத்தோமா இல்லையான்னு ஞாபகம் வராம மேல இருந்து மறுபடி கூட்டிட்டு வரணும், அதுக்குள்ள போன் அடிக்கும். சோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல இதப் பத்தி எழுதினாங்க, ஒரு வேலைய பாதில விட்டுட்டு அடுத்ததுக்கு போனா மனசுல ஒரு பகுதி பழைய வேலையிலயே மாட்டிக்கிட்டு இருக்கும், அதனால புது வேலையும் சரியா வராதுன்னு. அவங்களே இன்னொருத்தர் கூட சேந்து 2018ல ஒரு சுலபமான வழியும் சொன்னாங்க. எந்திரிக்கறதுக்கு முன்னாடி எங்க நிறுத்தினோம், அடுத்து என்ன செய்யணும்னு சின்னதா எழுதி வச்சிட்டு போனா அந்த பாதிப்பு கொறையுதுன்னு. அதனால யாராவது வந்து நின்னா "இருங்க"ன்னு சொல்லிட்டு, "லேபர் வரைக்கும் முடிஞ்சது, அடுத்து டிரான்ஸ்போர்ட்"னு ஒரு வரி எழுதிட்டு அப்புறம் நிமிந்து பாருங்க. இத இன்னிக்கே செய்யலாம்.

ஆனா கேள்வியே வராம இருக்க என்ன வழி? ஒரு சின்ன நோட்டு வாங்கி ஒரு வாரம், யாரு வந்தாங்க, என்ன கேட்டாங்க, நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு மட்டும் எழுதுங்க. வார கடைசில படிச்சு பாத்தா பாதிக்கு மேல ஒரே கேள்வி, ஒரே பதிலா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. ஒரு கேள்விக்கு எப்பவும் ஒரே பதில்தான் சொல்றீங்கன்னா அதுல நீங்க யோசிச்சு முடிவெடுக்க ஒண்ணும் இல்ல, அது ஏற்கனவே உங்க மண்டைக்குள்ள இருக்குற ரூல், ஸ்டாஃபுக்கு தெரியல அவ்ளோதான். அத எழுதி ஒட்டுங்க. அஞ்சு பர்சென்ட் வரைக்கும் டிஸ்கவுண்ட் பில்லிங்லயே குடுத்துக்கலாம், அதுக்கு மேல போனா என்கிட்ட வாங்க. பில்லு இருந்து ஏழு நாளைக்குள்ள வந்தா ரிட்டர்ன் எடுத்துக்கங்க, கேக்க வேணாம். பேக்கிங் சாமான் தீரப்போகுதுன்னா இவ்வளவு தொகை வரைக்கும் நீங்களே ஆர்டர் போடுங்க, சாயங்காலம் சொன்னா போதும். இப்படி எல்லையோட சொல்லணும், "நீங்களே பாத்துக்கங்க"ன்னு மொட்டையா சொன்னா பயத்துல இன்னும் அதிகமாதான் வந்து கேப்பாங்க.

இதுல கஷ்டமான இடம் இனிமேதான் வரும். அவங்க எடுக்குற ஏதோ ஒரு முடிவு உங்களுக்கு பிடிக்காது, நாமளா இருந்தா இந்த கஸ்டமருக்கு டிஸ்கவுண்டே குடுத்திருக்க மாட்டோமேன்னு தோணும். அப்ப எல்லாரு முன்னாடியும் கூப்பிட்டு திட்டினீங்கன்னா அவ்ளோதான், மறுநாள் அத்தன பேரும் மறுபடி உங்க டேபிள் முன்னாடி நிப்பாங்க. எல்லைக்குள்ள எடுத்த முடிவுன்னா அது அப்படியே நிக்கட்டும், சரியில்லன்னா ரூல மாத்துங்க, அவரைக் கொறை சொல்லாதீங்க. தயவுசெஞ்சு இத மட்டும் விட்டுடாதீங்க, நோட்டு போட்டு ரூல் எழுதி எல்லாம் செஞ்சவங்க கூட இந்த இடத்துலதான் பழையபடி ஆயிடறாங்க.

எல்லாத்தையும் கைமாத்தி விட முடியாதுங்கறதும் உண்மை. விலை வைக்கறது, ஆள் எடுக்கறது, பேங்க்ல பேசறது, ரொம்ப நாள் நிலுவை வச்சிருக்குற பழைய கஸ்டமர் கிட்ட பணம் கேக்கறது எல்லாம் ஓனர் குரல்லதான் நடக்கும்.

இன்னொரு பெரிய தொல்லை "எப்ப ரெடியாகும்"னு வர்ற போன். அது நாம குடுத்த தேதியாலதான் வருது. இவ்வளவு நாள்ல முடிச்சிடலாம்னு மனுஷங்க போடுற கணக்கு பொதுவாவே கம்மியாதான் இருக்கும், கானமென், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இத 1979லயே எழுதிட்டாங்க. 1994ல வந்த ஒரு ஆய்வுல மாணவர்கள் கிட்ட ஆய்வேட்ட எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாங்க, சராசரியா 34 நாள்னு சொன்னாங்க, உண்மைல ஆனது 55 நாளுக்கு மேல. அதனால தேதி சொல்றதுக்கு முன்னாடி இதே மாதிரி கடைசியா செஞ்ச நாலஞ்சு ஆர்டர் எத்தன நாள் இழுத்துச்சுன்னு எடுத்துப் பாத்து அந்த கணக்க சொல்லுங்க. கஸ்டமர் முகம் கொஞ்சம் சுருங்கும், பரவால்ல, நடுவுல பத்து தடவ போன் வராது.

இப்படி மிச்சமாகுற நேரம் தானா நிக்காது. இருக்குற நேரம் பூரா வேலை விரிஞ்சுக்கும்னு பார்க்கின்சன்னு ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் 1955ல எழுதினது ஓனருக்கு அப்படியே பொருந்தும், சும்மா விட்டா அந்த ஒரு மணி நேரத்தையும் வாட்ஸ்அப் எடுத்துக்கும். கஸ்டமருக்கு அப்பாயின்ட்மென்ட் குடுக்கற மாதிரி காலண்டர்ல "கணக்கு பாக்கறது"ன்னு போட்டு வைங்க, சப்ளையர், சேல்ஸ் ஆளுங்க, மீட்டிங் எல்லாத்தையும் மதியத்துக்கு மேல ஒரே நேரமா தள்ளிடுங்க, அப்பதான் காலை முழுசா கையில இருக்கும்.

ஸ்டாஃபே இல்லாம தனியா பண்றவங்க இதெல்லாம் நமக்கு எங்கன்னு நினைப்பீங்க. உங்ககிட்ட கேள்வி கேக்கறது கஸ்டமருங்க, அதுவும் அதே நாலு கேள்விதான்: விலை என்ன, எத்தன நாள் ஆகும், எப்ப திறந்திருக்கும், பணம் எப்படி அனுப்பறது. வாட்ஸ்அப் பிசினஸ்ல க்விக் ரிப்ளைன்னு ஒண்ணு இருக்கு, நாலுக்கும் பதில ஒருதடவ டைப் பண்ணி சேவ் பண்ணிட்டா அப்புறம் ரெண்டு தட்டு தட்டினா போயிடும், நீங்க வேலைல இருக்குற நேரத்துக்கு, மெசேஜ் வந்தா தானா பதில் போற அவே மெசேஜும் போட்டுக்கலாம்.