ஏஜென்சி யாருக்காக வேலை செய்கிறது?

ஜோகன்னஸ்பர்க்கில் ஒப்பந்த வேலை பார்க்கும் மென்பொருள்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு வெகு சீக்கிரம் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சியில் வந்து நிற்கும். மெல்ரோஸ் முருகன் கோயிலில் காவடி முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் அதுதான். "ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்களா?" "வெள்ளிக்கிழமை கூப்பிடுவதாகச் சொன்னார்கள்." "எந்த வெள்ளிக்கிழமை?" சிரித்துக்கொண்டே தட்டை நீட்டுவோம்.

நான் தரவுத்தளங்களைக் கவனித்துக்கொள்ளும் ஆள். சாண்ட்டன், ரோஸ்பேங்க் பக்கத்து வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் பல ஆண்டுகளாக ஒப்பந்தத்தில்தான் வேலை பார்க்கிறேன். சம்பளம் குறை சொல்லும்படி இல்லை. வேலையும் பிடித்த வேலை. வேலைக்கும் எனக்கும் நடுவில் நிற்கும் அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இங்கே தென்னாப்பிரிக்காவில் 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம், வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. நல்ல சட்டம். வெளிநாட்டு வேலை என்று சொல்லி வீட்டுப் பெண்களின் நகையை அடகுக் கடைக்கு அனுப்பிய முகவர்களை ஊரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நாம் காசு கொடுப்பதில்லை, வங்கி கொடுக்கிறது. ஆகவே ஏஜென்சிக்கு வாடிக்கையாளர் வங்கிதான்; நாம் சரக்கு. நமக்காக ஒருவர் வேலை தேடுகிறார் என்று நினைப்பவர்களுக்குத்தான் முதல் அடி விழும். வங்கிக்காக ஆள் தேடுகிறார் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக விளங்கிவிடும். விளங்கினால் எரிச்சல் குறையுமா என்றால், குறையாது.

தொலைபேசியில் அழைக்கும் கன்சல்டன்ட் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுப் பிள்ளையாக இருப்பார். கமிஷனில் பிழைப்பவர். ஆரக்கிள், போஸ்ட்கிரஸ் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் வேலை என்ற ஒன்று உண்மையில் இருக்கிறதா என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? பல சமயம் இருப்பதில்லை. ஒரு பெரிய திட்டத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கப்போகிறவர்கள், எங்களிடம் இத்தனை நிபுணர்கள் தயாராக இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காக சி.வி. சேர்க்கிறார்கள். திட்டம் வேறு யாருக்கோ போய்விடும். அதை நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். இன்னொரு வகை, ரெபரன்ஸ் கேட்பது. கடைசியாக எங்கே இருந்தீர்கள், மேலாளர் பெயர் என்ன, அவருடைய எண் என்ன என்று விசாரிப்பார்கள். நேர்முகமே நடக்காதபோது ரெபரன்ஸ் எதற்கு? அடுத்த வாரம் அந்த மேலாளரே என்னிடம் சொன்னார்: "உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் அழைத்தார். எங்களுக்கு ஆள் தேவையா என்று கேட்டார்." தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபிறகு, மின்னஞ்சலின் அடியில் சம்மதம் கேட்கும் பத்தி ஒன்று கூடியிருக்கிறது. நம் சி.வி. சுற்றும் ஊர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை.

வேலை எந்த நிறுவனத்தில் என்று சொல்லமாட்டார்கள். "சாண்ட்டனில் ஒரு பெரிய வங்கி" என்பார் ஒருவர். மறுநாள் இன்னொருவர் "முன்னணி நிதி நிறுவனம்" என்பார். பெயரைச் சொன்னால் நாம் நேராகப் போய்விடுவோம் அல்லது வேறு ஏஜென்சி வழியாகப் போய்விடுவோம் என்ற பயம். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது நாம். இரண்டு பேரும் ஒரே வேலைக்கு நம்மை அனுப்பிவிடுவார்கள். வங்கியின் கொள்முதல் பிரிவில் ஒரே அடையாள எண் இரண்டு முறை வந்து நிற்கும். முதலில் வந்ததை வைத்துக்கொள்ளும் இடமும் உண்டு. எதற்கு வம்பு என்று இரண்டையும் தூக்கிப் போடும் இடமும் உண்டு. எனக்குத் தெரிந்த திருநெல்வேலிப் பையன் ஒருவன், நேர்முகத்துக்கு இரவெல்லாம் படித்துவிட்டுக் காத்திருந்தான். அழைப்பே வரவில்லை. பிறகு அந்த வங்கியிலேயே வேலை பார்க்கும் நண்பர் வழியாகத்தான் காரணம் தெரிந்தது. இரண்டு ஏஜென்சிகளும் அவனிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "வங்கி இன்னும் முடிவு செய்யவில்லை."

சி.வி.யை வேர்டு கோப்பாகத்தான் கேட்பார்கள், பி.டி.எஃப். வேண்டாம் என்பார்கள். ஏனென்றால் அதை வெட்டி ஒட்ட வேண்டும். நம் தொலைபேசி எண் போய், அவர்களுடைய சின்னம் மேலே ஏறும். அதோடு நின்றால் பரவாயில்லை. ஒருமுறை நேர்முகத்தில் எதிரே இருந்த அம்மையார், நான் எட்டு ஆண்டு மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியைப் பார்த்ததாகச் சொல்லும் தாளை நீட்டி, அதைப் பற்றிக் கேட்டார். நான் மெயின்ஃபிரேமைத் தொட்டதே இல்லை. என் பையில் இருந்த அசல் சி.வி.யை எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். அவருக்கு இது புதிதல்ல போலிருக்கிறது.

இதற்கெல்லாம் மேல், சான்றளித்த நகல். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விசா, பட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் அசலைப் பார்த்து முத்திரை குத்திய நகல் வேண்டும். அந்த முத்திரைக்கு மூன்று மாதத்துக்கு மேல் வயதாகியிருக்கக் கூடாது. இங்கே அதைக் காவல் நிலையத்திலேயே இலவசமாகச் செய்து தருகிறார்கள். கவுன்டரில் ஒரு பக்கம் கார் திருடு போன புகார், இன்னொரு பக்கம் கணவன் அடித்த புகார். நடுவில் நான் நகல் கட்டோடு நிற்பேன். கான்ஸ்டபிள் ஒவ்வொரு தாளையும் அசலோடு ஒப்பிட்டு, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பெயரும் பதவியும் தேதியும் எழுத வேண்டும். என் பட்டச் சான்றிதழில் பாதி தமிழில் இருக்கும். ஒருவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சரியாகத்தான் இருக்கிறதா?" என்று என்னையே கேட்டார். சரி என்றேன், குத்தினார். கொலை, கொள்ளை பார்க்க வேண்டிய மனிதர் இந்தத் தாள்களில் அரை மணி நேரம் செலவழிக்கிறார் என்று எனக்கே சங்கடமாக இருக்கும். பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் மூன்று மாதத்தில் மாறிவிடுமா என்று எந்த ஏஜென்சியிடமும் கேட்டுப் பயனில்லை. கடன் வரலாறு, குற்றப் பதிவு, கைரேகை என்று அடுத்த ஏஜென்சி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

பணத்துக்கு வருகிறேன். நமக்கு மணிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். வங்கி எவ்வளவு கொடுக்கிறது என்பது மட்டும் பரம ரகசியம். ஒரு கூட்டத்தில் வங்கி மேலாளர் திட்டச் செலவுத் தாளை மறதியாகத் திரையில் விட்டுவிட்டார். என் பெயருக்கு நேரே இருந்த தொகை நான் வாங்குவதைவிடக் கால்வாசிக்கும் மேல் கூடுதலாக இருந்தது. எடுத்துக்கொள்ளட்டும், அலுவலகம் நடத்துகிறார்கள், ஆள் தேடுகிறார்கள், இடர் ஏற்கிறார்கள். என்னை உறுத்தியது வேறு. அந்த மேலாளர் அவ்வளவு காலமும் முழுத்தொகையும் எனக்கு வருவதாக நினைத்திருந்தார். "உங்களுக்குக் கொடுக்கும் விலைக்கு" என்று அவர் அடிக்கடி தொடங்கும் வாக்கியம் எனக்கு அன்றுதான் புரிந்தது. எனக்கு வராத பணத்துக்கு நான் உழைப்புக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பங்குக்கு ஈடாக ஏஜென்சி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மாதக் கடைசியில் பணம் போட வேண்டும். வங்கி முப்பது நாளிலோ அறுபது நாளிலோ கொடுக்கட்டும், இடைவெளியைத் தாங்கத்தானே அந்தப் பங்கு? நல்ல ஏஜென்சிகள் தாங்குகின்றன, அதையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் "வங்கியிலிருந்து வந்ததும் தருகிறோம்" என்பார்கள். டைம்ஷீட்டில் மேலாளர் கையெழுத்து ஒரு நாள் பிந்தினால் இன்வாய்ஸ் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். வீட்டுக் கடனுக்காகக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் டெபிட் ஆர்டர் மட்டும் முதல் தேதி சரியாக ஓடும். கணக்கில் பணம் இல்லையென்றால் திரும்பி வந்ததற்கு அபராதம். கடைசியில் பார்த்தால், நாட்டின் பெரிய வங்கிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவன் நானாக இருப்பேன்.

டிசம்பர் தனிக்கதை. மாதத்தின் நடுவில் வங்கிகள் மென்பொருள் மாற்றங்களை நிறுத்திவைக்கும். 16-ஆம் தேதி நல்லிணக்க நாள் விடுமுறையோடு ஊரே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஒப்பந்தம் ஆண்டுக் கடைசியில் முடிகிறது என்றால், நீட்டிப்பு வருமா என்று நவம்பரிலிருந்தே கேட்கத் தொடங்குவோம். "வந்துவிடும்" என்ற பதில் வரும். நாம் விலக வேண்டுமானால் முப்பது நாள் முன்னறிவிப்பு. அவர்கள் நிறுத்த வேண்டுமானால் ஒரே நாள். என் மேசையில் இருக்கும் ஒப்பந்தத்தில் இவை இரண்டும் அடுத்தடுத்த வரிகளில்தான் இருக்கின்றன.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். தொழிலாளர் தரகு முறையை, அதாவது ஏஜென்சி வழியாக ஆள் வைப்பதை, ஒழிக்க வேண்டும் என்று கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு 2012 மார்ச் 7 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியது. சாலைச் சுங்கத்துக்கு எதிரான கோரிக்கையும் அதில் சேர்ந்திருந்தது. தடை வரவில்லை; திருத்தம் வந்தது. 2015 ஜனவரி முதல், தரகர் வழியாக வந்த தற்காலிகப் பணியாளர் மூன்று மாதம் தாண்டினால் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் கண்ணில் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஊழியராகவே கருதப்படுவார். அந்த நிறுவனம் மட்டுமே அவருடைய முதலாளி, தரகர் அல்ல என்று அரசியல் சாசன நீதிமன்றமும் 2018 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. கிடங்கிலும் தொழிற்சாலையிலும் நிற்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கே இந்தப் பாதுகாப்பு; அந்த வரம்பு 2025-இல் இரண்டரை லட்சம் ராண்டுக்குச் சற்று மேலே இருந்தது. எங்களைப் போன்றவர்கள் அதற்கு வெளியே. வசதியாகச் சம்பாதிப்பவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்பது சட்டத்தின் எண்ணம். நியாயம்தான் என்று மாதத்தின் முதல் வாரத்தில் எனக்கும் தோன்றும்.

அடுத்த யோசனையும் ஏஜென்சியிடமிருந்தே வரும்: "ஒரு கம்பெனி தொடங்கிவிடுங்கள், வரி மிச்சம்." கம்பெனி தொடங்கினால் மிச்சம் அவர்களுக்கு. நாம் அவர்களுடைய ஊழியர் என்ற பொறுப்பு, வேலையின்மைக் காப்பீட்டுப் பங்கு எல்லாம் அவர்கள் தலையிலிருந்து இறங்கிவிடும். நமக்கோ, கம்பெனியின் வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், வருமான வரித்துறை அதை நம் சம்பளத்தைச் சுற்றிய வெறும் உறையாகத்தான் பார்க்கும். சம்பந்தமில்லாத மூன்று முழுநேர ஊழியர்களையாவது வைத்திருந்தால் தப்பலாம். தரவுத்தளம் பார்க்கும் தனி ஆள் மூன்று ஊழியர்களுக்கு எங்கே போவான்? இதை விளக்கச் சொன்னால் "உங்கள் கணக்காளரைக் கேளுங்கள்" என்பார் கன்சல்டன்ட்.

ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே, இந்தியர்கள் நிறைந்த லெனேசியாவில் ஒரு பெரியவர் இருக்கிறார். டர்பன் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வம்சம். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "தம்பி, என் பூட்டனுக்கு ஐந்து வருஷக் கான்ட்ராக்ட். உனக்கு மூன்று மாதம்தானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு மாதம் பத்து ஷில்லிங். தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். பிடிக்காவிட்டால் நான் கணினியை மூடிவிட்டுப் போகலாம். ஒப்பந்தம் என்ற பெயர் ஒன்று என்பதற்காக அவர்களுடைய துன்பத்தில் நான் பங்கு கேட்கக் கூடாது. ஒருவேளை பெரியவரும் அதைத்தான் சொன்னாரோ என்னவோ.

"அப்படியானால் ஏஜென்சியே வேண்டாமே" என்று புதிதாக வரும் பையன்கள் சொல்வார்கள். நானும் ஒரு மேலாளரிடம் நேராகப் போய்ப் பார்த்தேன். அவருக்கு என்னைப் பிடிக்கும், இடமும் காலியாக இருந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார். வங்கி தான் அங்கீகரித்த சப்ளையர் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டுமே பணம் கொடுக்கும். அந்தப் பட்டியலில் ஏற வரி நிலைச் சான்று, கறுப்பினத்தவரின் பொருளாதார முன்னேற்றத்துக்கான சட்டப்படி நிறுவனத்தின் தரத்தைக் காட்டும் தகுதிச் சான்று, தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு எல்லாம் வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி ராண்டுக்குக் கீழே உள்ள சிறு நிறுவனத்துக்குத் தகுதிச் சான்றுக்குப் பதில் ஒரு பிரமாணப் பத்திரம் போதும் என்பதால், தாள்களை எப்படியோ சேர்த்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு ஆளுக்காகப் புதிய சப்ளையரைப் பதிவு செய்ய வங்கியின் கொள்முதல் பிரிவுக்கு விருப்பமில்லை. ஏஜென்சியின் பலம் அங்கேதான் இருக்கிறது. நல்ல ஆளை அடையாளம் காணும் திறமையால் அவர்கள் நிற்கவில்லை. பட்டியலில் இருப்பதால் நிற்கிறார்கள்.

ஆகவே ஏஜென்சி வழியாகத்தான் போகிறேன். எல்லோரும் மோசம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். டர்பன் பெண் ஒருவர் இருக்கிறார். வேலை கிடைக்கவில்லை என்றால் அன்று மாலையே அழைத்து, "அண்ணா, கிடைக்கவில்லை, அவர்கள் உள்ளேயே ஒருவரை எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவார். அவ்வளவுதான் செய்கிறார். அதற்காகவே அவர் எந்த ஏஜென்சிக்கு மாறினாலும் நானும் பின்னாலேயே போகிறேன். மற்றவர்கள் அழைத்தால், சி.வி. அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன்: எந்த நிறுவனம், அந்த இடத்துக்கு நிதி ஒப்புதல் ஆகிவிட்டதா, வங்கி கொடுக்காவிட்டாலும் மாதக் கடைசியில் எனக்குப் பணம் வருமா? முதல் கேள்விக்கே பலர், "பிறகு அழைக்கிறேன்" என்று போனை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும், எனக்குக் காவல் நிலையத்துக்குப் போகும் வேலை மிச்சம்.