சுஜாதாவை ஆய்வுக்கு எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு

கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் படித்தபோது என் இறுதியாண்டு ஆய்வேட்டை எழுத்தாளர் சுஜாதாவைப் பற்றி எழுதினேன். இப்போது அங்கே படிக்கும் சிலர் அவரையே எடுக்க நினைப்பதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாக எடுங்கள். ஆனால் 'நாவலாசிரியர், திரைக்கதையாசிரியர்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எழுதுவதற்கு நிறைய இருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். 1935இல் பிறந்த ரங்கராஜன், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், சென்னை எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர், மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர், 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தவர். இது போதும். இவற்றில் எது அவருடைய எழுத்தைத் தொடுகிறதோ அதை மட்டும் விரித்து எழுதுங்கள்.

அப்புறம் முக்கியமான வேலைக்கு வாருங்கள். தமிழ்ப் படங்களின் பெயர்ப் பட்டியலில் கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் தனித்தனியாக வரும். சுஜாதா பேர் எதற்கு எதிரே இருக்கிறது என்று ஒவ்வொரு படத்தையும் ஓட விட்டு நீங்களே பாருங்கள். 'ரோஜா' (1992), 'இந்தியன்' (1996), 'முதல்வன்' (1999), 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஆகியவற்றில் அவர் வசனகர்த்தா. அந்தப் படங்களின் காட்சி அமைப்பையெல்லாம் அவர் கணக்கில் சேர்த்து எழுதினால், வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். வசனத்தை ஆராய்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் உங்கள் வாதம் உறுதியாக நிற்கும். அவருடைய வசனமே ஓர் ஆய்வுக்குத் தாங்கும். நாவல்களில் அவருடைய வக்கீல் பாத்திரங்களான கணேஷும் வசந்தும் பேசிக்கொள்ளும் அந்தக் குட்டை வாக்கியங்களைப் படங்களின் வசனத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்து மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'ப்ரியா'. நாவலில் கணேஷ் லண்டனுக்குப் போகிறார். 1978இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய படத்தில், ரஜினிகாந்த் நடித்த கணேஷ் வருவதோ சிங்கப்பூருக்கு. திரைக்கதை பஞ்சு அருணாசலம். லண்டன் ஏன் சிங்கப்பூர் ஆனது, ஊர் மாறியதும் கதையில் எது உதிர்ந்தது, பாட்டுக்காக எது சேர்ந்தது என்று கேட்டாலே ஓர் இயல் நிரம்பிவிடும். நமக்குப் பழக்கமான ஊர் என்பதால் நாவலும் படமும் பிரியும் இடங்கள் சட்டென்று கண்ணில் படும்.

அதற்கு எதிர்முனையில் 'விக்ரம்' (1986). இதில் கமல்ஹாசனோடு சேர்ந்து திரைக்கதையிலேயே சுஜாதாவுக்குப் பங்குண்டு. குமுதத்தில் தொடராகவும் எழுதினார். தன் நாவல் பிறர் கையில் படமானதையும், தானே படத்துக்காக எழுதியதையும் ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது என்பது என் கருத்து.

மூல நூல்களைப் பொறுத்தவரை பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்ப் பகுதியில் தொடங்குங்கள். இல்லாததை மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் தேடலாம். கையில் கிடைப்பது பெரும்பாலும் மறுபதிப்பாகத்தான் இருக்கும். பதிப்பு ஆண்டையே எழுதிய ஆண்டாகப் போட்டுவிடாமல், எந்த இதழில் எப்போது தொடராக வந்தது என்று முன்னுரையில் தேடுங்கள். அவர் வார இதழ்களில் தொடர்கதை எழுதியவர். அத்தியாயத்தின் கடைசி வரி அப்படித் திடுக்கென முடிவதற்குக் காரணம் அடுத்த வார இதழ்தான். இது தெரியாமல் அவருடைய நடையைப் பற்றி எழுத முடியாது.

வைவாவுக்குப் போகுமுன் 'எந்திரன்' பற்றி ஒரு பதில் தயாராக வைத்திருங்கள். படம் வந்தது 2010இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர் மறைந்துவிட்டார். வசனத்தில் ஷங்கர், மதன் கார்க்கி பெயர்களும் இருக்கின்றன. எந்த வரி யாருடையது என்று படத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே முதன்மைச் சான்றாக அதை எடுக்கவில்லை என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.