சிரியசுக்கு ஒரு குறுக்குவழி

2014 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் இரண்டு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு பூட்டை எங்கள் குழுவில் ஒருவன் கால்குலேட்டரை வைத்தே உடைத்துவிட்டான். பூட்டு என்றால் கதைப் பூட்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடும் விண்வெளி ரோல்பிளேயிங் கேமில், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடிக்கும் கேமில், நான்தான் கேம் மாஸ்டர், கதையை நடத்துகிறவன், மற்ற நாலு பேரும் ஒரு ஓட்டைக் கப்பலின் ஊழியர்கள். அவர்கள் எப்பாடுபட்டாவது சிரியஸ் என்ற விண்மீனுக்குப் போயாக வேண்டும், ஆனால் நேராகப் போகவும் முடியாது. அந்த இழுபறியில்தான் கதையே ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் போக முடியாது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் பிடித்துக்கொண்ட விதி 1986-இல் வந்த 'டிராவலர்: 2300' என்ற கேமில் இருப்பது, பின்னால் அதற்கு '2300ஏடி' என்று பெயர் மாற்றினார்கள். அதில் கப்பல்கள் ஒளியைவிட வேகமாகப் போகும், ஆனால் ஒரே மூச்சில் 7.7 ஒளியாண்டுதான். போகப் போக இயந்திரத்தில் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டே வரும், பெரிய நிறை உள்ள ஒரு பொருளின் ஈர்ப்புக்குள் போய் நின்று அதை இறக்க வேண்டும். இறக்காமல் 7.7-ஐத் தாண்டினால் கதிர்வீச்சில் கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் காலி. இதில் அழகு என்னவென்றால், பெட்டிக்குள் இருந்த விண்மீன் பட்டியல் உண்மையானது. கிளீசா என்ற வானியலாளர் தொகுத்த அட்டவணையை வைத்துத் தயாரித்தது, ஒவ்வொரு விண்மீனுக்கும் மூன்று எண்கள். இரண்டு விண்மீன்களின் எண்களைக் கழித்து, வர்க்கம் எடுத்து, கூட்டி, வர்க்கமூலம் போட்டால் இடையில் உள்ள தூரம் வந்துவிடும். பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம் எனக்கு வாழ்க்கையில் உருப்படியாக உதவியது இந்த ஒரு இடத்தில்தான்.

இப்போது சூரியனிலிருந்து கிளம்பிப் பாருங்கள். ஆல்ஃபா சென்டாரி 4.4 ஒளியாண்டு, போகலாம். பர்னார்டு விண்மீன் 6, போகலாம். அடுத்தது வுல்ஃப் 359, அது 7.9. வெறும் 0.2 ஒளியாண்டில் கை நழுவுகிறது. லாலாண்ட் 21185 என்பது 8.3, சிரியஸ் 8.6. ஆக நம் வீட்டுக்கு இரண்டே வாசல். அந்த இரண்டு வாசலையும் யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்கள் வைத்ததுதான் சட்டம். வரி, கடத்தல், போர் எதையும் நான் உட்கார்ந்து யோசிக்கவே வேண்டியதில்லை, தூரங்களே யோசித்து வைத்திருந்தன. மூத்த கேமான 'டிராவலர்' 1977-இல் வந்தது, அதில் விண்வெளி தட்டையான அறுகோணக் கட்டங்கள், ஒரு கட்டம் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு. விளையாட வசதியானது, நானும் நிறைய ஆடியிருக்கிறேன். ஆனால் அதில் உலகங்களைப் பகடைதான் போட்டுக் கொடுக்கும். இங்கே கட்டத்தை நிரப்பியவன் ஆண்டவன், நான் வெறும் கணக்குப்பிள்ளை.

சரி, 2013-க்கு வருவோம். கெவின் லூமன் என்ற வானியலாளர், வைஸ் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி எடுத்து வைத்திருந்த படங்களைக் கிளறி 6.5 ஒளியாண்டில் இரண்டு பழுப்புக் குள்ளன்கள் ஒன்றையொன்று சுற்றுவதைக் கண்டுபிடித்தார். விண்மீனாகவும் ஆக முடியாமல் கோளாகவும் இருக்க முடியாமல் நடுவில் நின்றுவிட்ட ஜாதி. நமக்கு இவ்வளவு அருகில், பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்திருக்கிறது, 2013 வரை யாருக்கும் தெரியவில்லை! அன்றைக்கு நான் பதறவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆல்ஃபா சென்டாரியிலிருந்து 3.6 ஒளியாண்டுதான். ஏற்கெனவே போய்வருகிற பக்கம், ஒரு திண்ணை கூடுதலாகக் கிடைத்த மாதிரி. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்த வருடம் ஏப்ரலில் அதே மனிதர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். பெயர் வைஸ் 0855, அதற்குப் பின்னால் இன்னும் நாலு எண்கள். வியாழனைப் போல 3 முதல் 10 மடங்கு நிறை, எந்த விண்மீனையும் சுற்றாமல் தனியாகத் திரிகிறது, வெப்பநிலையோ தண்ணீர் உறையும் அளவுக்கும் கீழே. குள்ளன்களிலேயே அவ்வளவு குளிர்ந்தது அதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் செய்தியைப் படித்து வியந்ததோடு சரி. நம் கால்குலேட்டர் ஆள் அப்படி விடவில்லை. சனிக்கிழமை வந்தவன் பகடையைக்கூட எடுக்காமல் கேட்டான்.

"டேய், அது எவ்வளவு தூரம்னு பாத்தியா?"

"ஏழு சொச்சம்."

"ஏழே முக்காலுக்குள்ளதானே?"

அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றைய மதிப்பீடு 7.2, பிறகு திருத்தி 7.4 ஆக்கினார்கள். எப்படிப் பார்த்தாலும் எல்லைக்குள். அவன் ஒரு தாளை என் முன்னால் தள்ளினான். அங்கிருந்து சிரியஸ் 4.7 ஒளியாண்டு. வுல்ஃப் 359 இன்னும் பக்கம், 4.4 போல. புரோசியான் என்ற விண்மீன் ஐந்தரை போல. இரண்டு வாசல் வீட்டுக்குப் புறக்கடைக் கதவு ஒன்று எப்போதும் திறந்தே கிடந்திருக்கிறது, அதுவும் நான் பூட்டு போட்ட அத்தனை அறைகளுக்கும் நேராக.

இதற்கு என்ன செய்வது என்று அன்று ராத்திரி பெரிய சண்டை. ஒருவர் கண்டுகொள்ளாதே என்றார், நம் கேம் 1986-இன் வானத்தில் நடக்கிறது, அதோடு நிறுத்திக்கொள் என்று. அது நியாயம்தான், ஆனால் எனக்கு அதில் சுவாரசியமே இல்லை. உண்மை வானம் வேண்டும் என்றுதானே இந்தப் பட்டியலோடு மாரடித்தோம். இன்னொருவர், கதைக்குள் நாமே அதைக் கண்டுபிடிப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 2014-லேயே தெரிந்துவிட்ட ஒன்று கதை நடக்கும் 2300-இல் யாருக்கும் தெரியாமல் இருக்குமா? அப்புறம் இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துவிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு: அது எல்லோருக்கும் தெரியும். முந்நூறு வருடமாகத் தெரியும். உரிமம் பெற்ற கப்பல்களுக்குக் கொடுக்கப்படும் வரைபடத்தில் மட்டும் இருக்காது, துறைமுகத்தில் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். நம் கப்பல் ஊழியர்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்ற கேள்வியிலேயே அடுத்த நாலு அமர்வு ஓடியது. நான் தானாக யோசித்திருந்தால் இவ்வளவு நல்ல முடிச்சு விழுந்திருக்காது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அங்கே போய்ச் சேர்ந்த அமர்வைப் பற்றித்தான் இன்றைக்கும் பேசுகிறோம். வழக்கமாக ஒரு விண்மீனுக்கு வந்தால் நான் எதையாவது வர்ணிப்பேன், சிவப்பு ஒளி, வளையம், நிலாக்கள். இங்கே வர்ணிக்க எதுவும் இல்லை. அதன் வெளிச்சம் அகச்சிவப்பில்தான், நம் கண்ணுக்கு வராது. மேலே பனி மேகங்கள் மிதக்கலாம் என்கிறார்கள், ஆனால் அந்த மேகத்தைக் காட்ட ஒரு விளக்கு வேண்டுமே, பக்கத்தில் ஒரு சூரியனும் கிடையாது.

"சன்னல்ல என்ன தெரியுது?" என்று கேட்டான் விமானி.

"நட்சத்திரம் தெரியுது. ஒரு இடத்துல மட்டும் வட்டமா நட்சத்திரம் இல்ல."

மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவன் கையில் உருட்டிக்கொண்டிருந்த பகடையை மெதுவாகக் கீழே வைத்தான்.

இப்படி வானம் வந்து கேமில் கை வைப்பது எங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. பழைய விதிப்புத்தகங்களில் ஒரு விண்மீனுக்கு எத்தனை கோள்கள், எது எங்கே என்று பகடை போட்டுப் பார்க்கும் அட்டவணைகள் இருக்கும். பெரும்பாலும் நம் சூரியக் குடும்பத்தையே கொஞ்சம் கலைத்துப் போட்ட மாதிரி இருக்கும், உள்ளே பாறை, வெளியே வாயு. வேறு மாதிரி அன்றைக்கு யாருக்குத் தெரியும்? 1995-இல் மேயர், கெலோ என்ற இரண்டு வானியலாளர்கள் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டார்கள், வியாழனில் பாதி எடை, அதன் ஒரு வருடம் நம் நாலு நாள் சொச்சம். விண்மீனை உரசிக்கொண்டு ஓடும் வாயுக்கோள்! அதற்கு அட்டவணையில் இடமே கிடையாது. பிறகு கெப்லர் தொலைநோக்கி வந்து, பூமிக்கும் நெப்டியூனுக்கும் நடுப்பட்ட அளவில் உள்ள கோள்கள்தான் எங்கும் மலிந்து கிடக்கின்றன, நம் வீட்டில் மட்டும் அப்படி ஒன்றுகூட இல்லை என்று காட்டிவிட்டது. மாதிரி என்று எதை வைத்து விதி எழுதினோமோ அதுவே விதிவிலக்கு. 2017-இல் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீன் ஏழு கோள்களோடு வந்தபோது நான் அட்டவணையையே தூக்கிக் கடாசிவிட்டேன். இப்போதெல்லாம் உண்மையில் கண்டுபிடித்த குடும்பங்களிலிருந்து ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றி வைத்துவிடுகிறேன், எந்தப் பகடையும் அவ்வளவு விசித்திரமாக விழுந்ததில்லை.

ஆனால் வானம் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யும், ரசிகர்களுக்கு அதுதான் வலி. ஸ்டார் ட்ரெக் என்ற தொலைக்காட்சித் தொடரில் வரும் வல்கன் கிரகம் 40 எரிடானி என்ற விண்மீனைச் சுற்றுவதாக வைத்துக்கொள்ளலாம் என்று தொடரை உருவாக்கிய ராடன்பெரியும் மூன்று வானியலாளர்களும் 1991-இல் ஒரு கடிதமே எழுதினார்கள். 2018-இல் அங்கே நிஜமாகவே ஒரு கோள் இருப்பதற்கான அறிகுறி கிடைத்ததாகச் செய்தி வந்ததும் எங்கள் வட்டாரத்தில் ஒரே கொண்டாட்டம். 2024-இல் அது கோள் இல்லை, அந்த விண்மீனின் சொந்தத் துடிப்புதான் என்று சொல்லிவிட்டார்கள். நான் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பர்னார்டு அட்டையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு விண்மீனுக்கும் நான் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பேன், பென்சிலில் எழுதியது. பர்னார்டு அட்டை மட்டும் அழித்து அழித்து நடுவில் தாள் மெலிந்து, விளக்குக்கு நேரே பிடித்தால் ஒளி தெரியும். முதலில் அதில் ஒரு பெரிய வாயுக்கோள் இருந்தது. 1963-இல் வான் டி காம்ப் என்ற வானியலாளர் அப்படி ஒன்று இருப்பதாக அறிவித்திருந்தார், விண்மீன் லேசாகத் தள்ளாடுவதைப் பல வருடப் படங்களில் பார்த்ததாக. பிரிட்டிஷ் கிரகாந்தர சங்கம் டேடலஸ் என்ற ஆளில்லா விண்கலத் திட்டத்தை 1970-களில் தீட்டியபோது அங்கேதான் அனுப்புவதாகத் தீட்டியது. கடைசியில் பார்த்தால் அதே தொலைநோக்கியில் எடுத்த வேறு விண்மீன்களும் அதே காலத்தில் அதே மாதிரி தள்ளாடியிருக்கின்றன, லென்சைக் கழற்றிச் சரிபார்த்த சமயங்களில். இது எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே முடிந்த கதை, பழைய புத்தகம் ஒன்றை நம்பி எழுதியது என் தப்பு. அழித்தேன். 2018-இல் பூமியைப் போல மூன்று மடங்குக்கு மேல் எடையில், 233 நாள் சுற்றில் ஒன்று என்றார்கள், ஆசையாக எழுதினேன். 2021-இல் அதுவும் இல்லை என்றார்கள், அழித்தேன். 2024 அக்டோபரில் சின்னதாக ஒன்று, 2025 மார்ச்சில் மொத்தம் நாலு என்று உறுதியானது. நாலுமே பூமியில் மூன்றில் ஒரு பங்கு எடைக்குள், நாலுமே ஒரு வாரத்துக்குள் சுற்றி முடித்துவிடும், வெயிலில் வாடியவை.

எழுத உட்கார்ந்தபோது கப்பல் இன்ஜினியராக ஆடுகிறவன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டான். அவனுடைய பாத்திரம் பிறந்ததே அந்த இல்லாத வாயுக்கோளின் எரிபொருள் நிலையத்தில்தான், முதல் அமர்விலேயே எழுதி வைத்தது. பென்சிலில் வேண்டாம், பேனாவில் எழுது, ஆனால் என் ஊரையும் ஒரு ஓரமாக எழுது என்றான். நாலு கோள்களையும் அவற்றின் நாட்களையும் எழுதிவிட்டுக் கீழே ஐந்தாவது வரியில் அந்த நிலையத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் 'காணவில்லை' என்று போட்டேன். அடுத்த சனிக்கிழமை அதைத் தேடித்தான் கிளம்புகிறார்கள்.